இடப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை

என் ரூபன் அண்ணாவுக்கு,

உன்னுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த இரண்டாவது கிழமை, ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் ஒரு வீட்டு முன்னறையில் நீ வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனதாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்னிடம் சொன்னார். கோட்டைக் கழற்றவில்லையாம். தேத்தண்ணி வேண்டாம் என்றாயாம்.

நான் அதை நம்பினேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்த விசயங்களையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஐந்தடி இரண்டு அங்குலம், ஐம்பது கிலோ. முப்பத்துமூன்று வயதிலும் பஸ்ஸில் உன்னைப் பள்ளிக்கூடப் பிள்ளை என்றுதான் நினைத்தார்கள். பகலில் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாய். பின்னேரங்களில் ஸ்காபரோவில் தவம் அண்ணையின் பொக்ஸிங் ஜிம்மில் கிடந்தாய். உன் எடைக்காரருக்கு அங்கே ஃப்ளைவெயிட் என்று பெயர். "ஈ எடை" என்று அம்மாவுக்கு மொழிபெயர்த்தாய். அம்மா சிரித்தபோது, "ஈ எண்டால் லேசெண்டு நினைக்கிறியளோ? முதல் ஒரு ஈயை அடிச்சுப் பாருங்கோ" என்றாய்.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பிறம்ரனில் ஒரு மண்டபத்தில் உன் கடைசிப் போட்டி. நீதான் வென்றாய். நடுவர் உன் கையைத் தூக்கிக் காட்டினார். ஆனால் மூன்றாம் சுற்றில் எதிராளியின் வலது கை உன் இடது காதடியில் வந்து விழுந்ததை நான் பார்த்தேன். அது தூரத்திலிருந்தே தெரிகிற அடி. எனக்குப் பக்கத்தில் நின்ற தவம் அண்ணை, "உதை அவன் கண்டிருக்க வேணுமே. ஏன் காணேல்லை?" என்று தனக்குள்ளே கேட்டார்.

உடுப்பு மாற்றும் அறையில் சுவரோர வாங்கில் இருந்தபடி, "சின்னி, உந்த லைற்றை நிப்பாட்டு. கண்ணுக்குள்ள குத்துது" என்றாய். நான் சுவிட்சைத் தேடித் திரும்பினேன். லைற் போடப்பட்டிருக்கவேயில்லை. யன்னல் வெளிச்சம் மட்டும்தான். திரும்பிப் பார்க்க நீ சரிந்து கிடந்தாய். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மூச்சு இருந்தது. பேச்சு வரவில்லை.

நீ போன ஐந்தாவது கிழமை, ஒரு மத்தியானம், அம்மா குசினியிலிருந்து கூப்பிட்டா.

"பிள்ளை, அவன் கீழ கயிறு அடிக்கிறான். சோறு ஆறுது, வரச் சொல்லு."

அம்மாவைத் திருத்த நான் வாயெடுத்தேன். அப்போது எனக்கும் கேட்டது. பேஸ்மென்ற் சீமெந்தில் ஸ்கிப்பிங் கயிறு தட்டுகிற சத்தம். நீ வேகம் கூட்டுவதுபோல் கூடியது. நான் படியிறங்கினேன். கடைசிப் படியில் கால் வைக்கச் சத்தம் நின்றது. உன் கயிறு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அசையவில்லை. அசைந்திருந்தால் காற்று என்றாவது சொல்லியிருப்பேன்.

உன் மேசையில் கொப்பி திறந்து கிடந்தது. நீ புத்தகம் எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியும். யாரோ பழைய காலத்துச் சம்பியன், பெயர் ஆர்ச்சி, அவ்வளவுதான். நீ சாப்பாட்டு மேசையில் ஆர்ச்சி கதை தொடங்கினால் நான் போனை எடுத்துவிடுவேன். அன்றைக்கு நிலத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன்.

நூற்றிமுப்பது வருடத்துக்கு முன்னர், கிழக்கு ரொறன்ரோவில் சவர்க்காரத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் பிறந்தவன் ஆர்ச்சி. உடுப்போடும் சப்பாத்தோடும் நூற்றெட்டு இறாத்தல், அதாவது நாற்பத்தொன்பது கிலோ. அந்த எடையில் மோத ஆள் கிடைக்காததால் தன்னைவிடப் பெரியவர்களோடு மோதினான். தராசில் ஏறும்போது காற்சட்டைப் பைக்குள் ஈயக் குண்டு போட்டுக்கொள்வானாம். அவன் மேடையேறினால் சனம் சிரிக்கும். முதல் சுற்று முடியச் சிரிப்பு நின்றுவிடும். "கைகள் இடுப்புக்குக் கீழே தொங்கும், அடி எங்கிருந்து வருகிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது" என்று நீ எழுதியிருந்தாய். பிறகு கப்பலில் இங்கிலாந்து போனான். அங்கே யாராலும் விழுத்த முடியாது என்று பேர்வாங்கிய ஒருவனைப் பதினேழாம் சுற்றில் விழுத்தி, உலகப் பட்டத்தோடு திரும்பி வந்தான். அந்த ஒழுங்கையே ஸ்டேசனுக்கு வந்து அவனைத் தோளில் தூக்கிப் போனது.

அடுத்த வருடம் ஒரு போட்டியில் எதிராளியின் கையுறைப் பெருவிரல் அவன் இடது கண்ணுக்குள் போனது. வெளியில் பார்க்கக் கண் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே வெளிச்சம் இல்லை. அதை மறைத்துக்கொண்டு இன்னும் மூன்று வருடம் பட்டத்தை வைத்திருந்தான். அந்த மூன்று வருடத்துப் படங்களில் எல்லாம் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறான். நல்ல கண் நடுவுக்கு வரவேண்டுமே. கடைசியில் ஒரு இளம் பொடியன் அதைக் கண்டுபிடித்து, இடப்பக்கமாகவே வந்து வந்து அடித்தான். பட்டம் போனது. பிறகு நகரத்துக் கடையொன்றில் லிஃப்ற் இயக்குகிற வேலை. சாகும்வரை அவன் மனைவி தெருவில் அவனுக்கு இடப்பக்கமாகத்தான் நடந்தாளாம்.

"வைத்தியர்கள்" என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாய். போட்டிக்கு முன்னர் கண் பரிசோதனை இருந்ததே, அதை ஆர்ச்சி எப்படித் தாண்டினான்? நீ எழுதவில்லை.

அதற்கடுத்த அத்தியாயத்தில்தான் எழுத்து மாறியது. அதுவரை எல்லாம் "பார்த்தான்", "அடித்தான்", "சிரித்தான்". இங்கே வரிகளில் ஆளே இல்லை. "இடப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கறுப்பாகவும் இல்லை, கறுப்பென்றால் அது ஒரு நிறம். அந்தப் பக்கத்தில் உலகமே முடிந்துவிட்டது. படியில் கால் வைக்கப் பயமாக இருக்கிறது. கோப்பை எங்கே என்று விரலால் தேட வேண்டியிருக்கிறது." யாருக்குத் தெரியவில்லை? யாருக்குப் பயம்? ஆர்ச்சிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வாசித்தேன். கடைசி வரிக்கு வந்தேன். "நானூற்றியொன்றில் இடப்பக்கத்து லொறிகள் சத்தத்தில் மட்டும்தான் வருகின்றன."

ஆர்ச்சியின் காலத்தில் நானூற்றியொன்று நெடுஞ்சாலை ஏது, அண்ணா?

உன் போனை எடுத்துப் படங்களைப் பார்த்தேன். போன வருடத்துக் கலியாணம், என் பிறந்தநாள், ஜிம். எல்லாவற்றிலும் நீ முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாய். ஆர்ச்சி நிற்கிற அதே மாதிரி.

கொப்பியின் பின்மட்டையில் ஒரு விட்பி நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். ஆர்ச்சியின் பேத்தி மிசிஸ் டோராவின் வீடு. எண்பது கடந்தவர், குரல் தெளிவாக இருந்தது. ரூபனின் தங்கை என்று என் பதிவுப் பெயரைச் சொல்லி, நேரில் வரலாமா என்று கேட்டேன். நீ இறந்ததைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போய் உட்கார்ந்து, அவர் ஆர்ச்சியின் பட அல்பத்தைக் கொண்டு வந்து வைத்த பிறகுதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"செவ்வாய்க்கிழமை வந்தாரே. நீங்கள் இருக்கிற கதிரையில்தான் இருந்தார். தங்கை வருவாள், கைக் கதையை அவளுக்குச் சொல்லுங்கள் என்றார்."

"என்ன கைக் கதை?"

மிசிஸ் டோரா தன் இடது கையால் இடது கண்ணை மூடினார். "ஒரு கண்ணை மூடு என்று டொக்டர் சொன்னால் தாத்தா இப்படி மூடுவார். நல்ல கண்ணால் எழுத்தெல்லாம் வாசிப்பார். இப்போது மற்றதை என்று சொன்னால்…" அவர் இடது கையை இறக்கி, வலது கையைத் தூக்கி, முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய், மறுபடியும் அதே இடது கண்ணை மூடினார். "கைதான் மாறும். கண் மாறாது. ஒரு டொக்டரும் கவனித்ததில்லை. பாட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தா. அதைச் சொல்லிச் சொல்லியே செத்துப்போனா."

அல்பத்தை நான் எப்போது மூடினேன் என்று நினைவில்லை. மில்லிக்கனில் நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடை என் முன்னால் வந்து நின்றது. ஐப்பசி மாதம் நீ பொக்ஸிங்குக்கான கண் பரிசோதனைப் படிவத்தோடு வந்தாய். கண் டொக்டர் வேறு ஆளோடு இருந்தார். "நீயே பார் சின்னி, ரெண்டு நிமிச வேலை" என்றாய். எழுத்துப் பலகைக்கு முன்னால் நின்றாய். இடது கையால் மூடினாய், வாசித்தாய். "மற்றக் கண்" என்றேன். நீ பகிடி விட்டுக்கொண்டே வலது கையைத் தூக்கினாய். நான் படிவத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெட்டியிலும் சரி போட்டேன். டொக்டர் என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார். "நல்ல கண் உனக்கு. எனக்குத்தான் கண்ணாடி" என்று வேறு சொன்னேன்.

வெளியே வரும்போது மிசிஸ் டோராவின் மகள் என்னோடு கார்வரை வந்தார். "அம்மா சொன்னதைப் பெரிதாக எடுக்காதீர்கள். செவ்வாய் முழுக்க நான் வீட்டில்தான். ஒருவரும் வரவில்லை. உங்கள் அண்ணா கடைசியாக வந்தது மார்கழியில்" என்றார். சரி, மார்கழி வரவை அவர் மாறி நினைத்திருக்கலாம் என்று நானும் தலையாட்டினேன். கார்க் கதவைத் திறக்கிறேன், வீட்டு வாசலில் இருந்து மிசிஸ் டோரா கையசைத்து, "கவனமாகப் போ, சின்னி" என்றார்.

அந்த வீட்டுப் பெயரை நான் அவருக்குச் சொல்லவில்லை. நீ சொல்லியிருப்பாய். எப்போது சொன்னாய்? மார்கழியிலா?

அதைவிட என்னை அரிக்கிற கேள்வி வேறு. ரொறன்ரோவில் எத்தனை கண்ணாடிக் கடை இருக்கிறது. உன்னைச் சந்தேகிக்காத ஒரே ஆள் நான் என்றுதானே என்னிடம் வந்தாய்? இல்லை, நான் கண்டுபிடித்து உன்னை நிறுத்திவிட வேண்டும் என்றா வந்தாய்? நீ கை மாற்றியபோது உன் பகிடி ஒரு நொடி நின்றது. அந்த ஒரு நொடியை நான் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டொக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தார். "கையெழுத்து என்னுடையது" என்றார், அவ்வளவுதான். பிறகு இருவருமாக எழுதி, படிவத்தை ஏற்ற பொக்ஸிங் சங்கத்துக்கு அனுப்பினோம். வேலை இருக்குமா என்று தெரியாது.

அம்மாவிடம் சொல்லத்தான் ஒரு கிழமை எடுத்தது. அவ மேசையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. ஆர்ச்சியின் கண், கை மாற்றிய கதை, நான் போட்ட சரி, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கத்துவா என்று காத்திருந்தேன். அவ கீரையைக் கீழே வைத்தா.

"தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியால ஊத்துவான். நித்திரை காணாதெண்டு நினைச்சன்" என்றா. பிறகு, "கதிரையும் மாறினவன். உந்த யன்னல் கரைக்குப் போட்டான். ஏன் தம்பி எண்டு கேட்டன். இதில இருந்தால்தான் உங்கள் எல்லாரையும் பாக்கலாம் எண்டவன். எனக்குச் சந்தோசப் புழுகமாய் இருந்தது, பிள்ளை. பாசத்தில சொல்றான் எண்டு நினைச்சன்."

அண்ணா, அந்தக் கதிரையில் போய் இருந்து பார்த்தேன். உண்மைதான். அங்கே இருந்தால் இடப்பக்கம் யன்னல் சுவர் மட்டும்தான். நாங்கள் எல்லாரும் வலப்பக்கம். நீ பொய் சொல்லவில்லை.

உனக்கு நான் தருகிற வாக்கு இது. வாற சனிக்கிழமை தவம் அண்ணையின் ஜிம்முக்குப் போவேன். அங்கே பழகுகிறவர்களையும் அவர்களின் தாய்தகப்பனையும் வரச் சொல்லியிருக்கிறார். உனக்கு நடந்ததையும், அதில் என் பங்கையும், என் வாயாலேயே சொல்வேன். அவர்கள் என்னைத் திட்டட்டும். அம்மாவும் வாறாவாம், பக்கத்தில் நிற்பாவாம்.

இனி நீ யாரிடமும் சொல்லியனுப்ப வேண்டாம். இன்னும் சொல்ல ஏதாவது மிச்சம் இருந்தால் நேரே என்னிடம் வா. எந்தப் பக்கத்தால் வந்தாலும் பரவாயில்லை. நான் லைற்றைப் போடமாட்டேன், கத்தமாட்டேன். இருந்து கேட்பேன்.

உன்னைப் பார்க்காமல் சரி போட்ட,
உன் ஒரே தங்கச்சி
சின்னி