அப்பா அடைத்தது மேற்குப் பக்கம்

அப்பா,

உங்கள் கம்பளி நனைந்து நாறுகிறது. பீடியும் தேயிலைச் சாயமும் கலந்த அந்த நாற்றம் அறை முழுக்க நிற்கிறது. மறைப்புக்குக் கட்டிய சாக்குகள் மூன்றும் கிழிந்துபோனதால் அம்மா அதைப் பின்னறையின் சுவரில்லாத கிழக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். மூன்று நாளாக மழை கிழக்கிலிருந்தே அடிக்கிறது. நீங்கள் கட்டிய மேற்குச் சுவர் மட்டும் இன்று காலைவரை ஒரு சொட்டுப் படாமல் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது.

கேலி செய்யத்தான் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தை மூன்று பிள்ளைகளோடு மண்டபம் முகாமிலிருந்து வருகிறாள். நீங்கள் இறந்துபோன செய்தி அவளுக்குக் கிடைத்ததா, தெரியாது. அன்று காலையில் எஸ்டேட் கிளார்க் வந்து பார்ப்பாராம். பின்னறை காய்ந்திருந்தால் அவர்கள் நம்மோடு இருக்கலாம். இல்லையென்றால் ஆந்திராவில் எங்கோ ஒரு நூல் மில்லுக்கு எழுதிவிடுவார்கள். இன்று செவ்வாய்.

இலங்கையிலிருந்து வந்து கப்பலிறங்கி, ரயிலேறி, குன்னூர்ப் பக்கத்து இந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்து ஒற்றை அறையைப் பார்த்ததுமே, "தங்கச்சி வாறதுக்குள்ள பின்னால ஒரு காம்பரா இழுத்துப்போடணும்" என்றீர்கள். தேயிலைப் பெட்டி அட்டையில் திட்டம் எழுதினீர்கள். ஒன்று, பதறக்கூடாது. இரண்டு, ஆளுக்கு ஆள் கத்தக்கூடாது. மூன்று, மழைக்கு முன்னே மேற்கு. நான்கு, மழைக்குப் பின்னே கிழக்கு. வடக்கே மண்மேடு இருந்ததால் அந்தப் பக்கம் செலவில்லை.

"இது திட்டமாப்பா, இல்ல அம்மா திட்டுறதுக்கு நீங்க ஒதுக்குற இடமா?" என்று கேட்டுவிட்டு, ஐந்தாவதாக 'மகளுக்கு மாடி' என்று எழுதிவைத்தேன்.

"மாடி பிறகு. முதல்ல ஒன்ட வாய்க்கு ஒரு கதவு போடணும்" என்றீர்கள்.

பக்கத்து வீட்டுப் பொன்னக்கா அப்போதே சொன்னாள். "ஏனுங்கண்ணா, இங்க பெரிய மழை ஐப்பசியிலதானுங்க. கெழக்கால இருந்துதானுங்க சாத்தும்."

"நான் அட்டன்ல முப்பது வருசம் நனைஞ்சவன், தங்கச்சி. மழை மேக்கால இருந்துதான் எறங்கும். வைகாசி கடைசியில பாருங்க."

"உங்கூரு மழையும் உங்களோட கப்பலேறி வந்துருச்சுங்களா?"

லயமே சிரித்தது. அதிகம் சிரித்தவள் நான்.

வைகாசி போய் ஆனி வந்தது. தூறலுக்கு மேல் ஒன்றுமில்லை. "மழை லீவு லெட்டர் குடுத்துருச்சுப்பா" என்று தினமும் சொன்னேன். அப்புறம் அந்த வாளி. மண்மேட்டில் ஏறி நின்று, மேற்குப் பக்கத் தகரத்தில் தண்ணீரைச் சரசரவென ஊற்றினேன். நீங்கள் வெறுங்காலோடு ஓடிவந்தீர்கள். "வந்துருச்சு! மேக்கால! நான் சொன்னேனா இல்லையா!" இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றீர்கள். முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது. பிறகு நிமிர்ந்து என்னையும் வாளியையும் பார்த்தீர்கள்.

அடித்திருக்கலாம். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செவுரு ஒழுகலையே, பார்த்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனீர்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தேன். முப்பது வருடம் நனைந்த ஊரை ஒரு நொடி திரும்பப் பெற்ற ஆளிடமிருந்து அதைப் பிடுங்கினேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மறுநாளே கிழக்குக்குக் கல் பொறுக்க ஓடைக்குப் போனீர்கள். பொன்னக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழங்கால் உயரச் சுவருக்குத்தான் கல் சேர்ந்தது. புரட்டாசியில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தீர்கள். ஆஸ்பத்திரியில், "பதறாத, நாலாவது மட்டுந்தான் பாக்கி" என்றீர்கள். எட்டாம் நாள் உங்களை அங்கிருந்து தூக்கி வந்தோம்.

நான் பதறுகிறேன், அப்பா. முதல் விதியே என்னிடம் உடைந்துவிட்டது. இன்று காலை மீதிக் கல்லுக்காக ஓடைக்குப் போனேன். கல்லும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர் மட்டும் உருண்டு போகிறது. திரும்பி வந்து உங்கள் அலவாங்கை, இங்கத்துப் பேச்சில் கடப்பாரையை, எடுத்து, மேற்குச் சுவரின் மேல் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன்.

அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "கைய வைக்காதடி! அவர் கட்டின ஒரே செவுரு அது!"

"செவுரு நனையாம நிக்குதும்மா. நாமதான் நனையிறோம்."

"அவரு இருந்தா..."

"அவரு இருந்தா கிழக்க கட்டியிருப்பாரு!"

கத்திவிட்டேன். இரண்டாவது விதியும் போனது. அம்மா என் கையை விட்டாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். "குடு."

பொன்னக்கா கேட்காமலே வந்து மண் குழைத்தாள். "மேக்கால தட்டி கட்டிக்கலாம் புள்ள, ஆனித் தூறலுக்கு அது போதும்" என்றாள். இந்த முறை அவள் கேலி செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

கிழக்குச் சுவர் இடுப்பளவு எழும்பியிருக்கிறது. மேற்கில் இன்னும் பாதி மிச்சம். ஒவ்வொரு கல்லையும் பெயர்க்கும்போது, அதில் ஒட்டிய காய்ந்த மண்ணில் உங்கள் விரல்கள் பதிந்திருக்கின்றன. முதல் பத்துக் கல்லில் மழை அவற்றை வழித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு கல்லை வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொண்டு ஓடுகிறேன். விரல் பதிந்த பக்கத்தை உள்ளே பார்க்க வைக்கிறேன்.

அத்தையின் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பார்கள்.