தடை எடுத்த கடல்

மோவாரோவா, நியூசிலாந்து
செப்டம்பர் 4

அன்புள்ள மெரெயானா அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். பெர்த்தில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். தொலைபேசி அடித்தாலே அந்தக் காலை ஞாபகம் வருகிறது, இனிமேல் எடுக்க மாட்டேன் என்றாய். அதனால் பேனா பிடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இவ்வளவு எழுதியதே இல்லை. பிழை இருந்தால் சிரித்துக்கொள், நீ சிரித்து நாளாகிறது.

பெரியம்மா ஹூயியா படுத்த படுக்கை. வாய் மட்டும் படுக்கவில்லை. என் சூப்பில் உப்பில்லை என்று நேற்றுகூட வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பிள்ளை தமாட்டி கடலோடு போன அன்று ஓனேவைக் கடற்கரை மணலில் நட்ட தடைக்கம்பம் இன்னும் நிற்கிறது. கடல் ஒரு ஆளை எடுத்தால் ஆள் கிடைக்கும்வரை அந்தக் கடலில் கை வைக்கக் கூடாது, கிடைக்காவிட்டால் சில வாரம் பார்த்து எடுத்துவிடலாம் என்பது நம் வழக்கம். நீ வேண்டாம் என்றதால் குளிர்காலம் முழுக்க வைத்திருந்தோம். ஊரில் ஒருவர் ஒரு சிப்பி எடுக்கவில்லை. ஆனால் இப்போது முணுமுணுக்கிறார்கள். ஹோஹெபா மாமா என்னை வழியில் நிறுத்தி, "ஏண்டா ராவிரி, கடலை வாசல்ல வச்சிக்கிட்டு டப்பா மீன் தின்னுட்டிருக்கோம். உங்கக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா இல்லையா?" என்றார்.

நீ வந்து நில், அக்கா. பெற்றவள் நிற்காமல் அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் தம்பி
ராவிரி


பெர்த்
செப்டம்பர் 20

தம்பி ராவிரிக்கு,

கடிதம் கிடைத்தது. பிழை நிறைய இருந்தது, சிரிப்பு வரவில்லை. பெரியம்மாவுக்கு உப்புப் போட்டுக் கொடு. இனிமேல் எதற்குப் பத்தியம்?

நான் சுரங்க முகாமில் சமைக்கிறேன். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. முகாமில் இருக்கும்போது தேவலை, ஆயிரம் பேருக்கு முட்டை உடைக்க வேண்டும், நினைக்க நேரமில்லை. இந்த வீட்டில் இருக்கும் வாரம்தான் என்னைக் கொல்கிறது. மற்றவர்களுக்குச் சமைத்துப் போடுகிறேனே தவிர எனக்கு எதுவும் இறங்குவதில்லை.

ஹோஹெபாவிடம் சொல்: என் பிள்ளை அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறான். ஒரு பல்கூட எனக்குத் திருப்பித் தரவில்லை. அந்தப் பாறைச் சிப்பி இந்த வருடம் எதைத் தின்று கொழுத்தது என்று கேட்டுப் பார். நீ அவனுக்குத் தாய்மாமன். உன்னால் அதை வாயில் வைக்க முடியுமா? கம்பத்தைப் பிடுங்கினால் அவனைத் தேடுவதை விட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம். நான் விடவில்லை. வரவும் மாட்டேன். அவனைப் பார்க்க வருவேன், அவனை விட்டுக்கொடுக்க வர மாட்டேன்.

மெரெயானா


மோவாரோவா
அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. ஹோஹெபாவிடம் "இன்னும் இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

பெரியம்மாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. அவள் போனால் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் சனம் திரண்டு வரும். மூன்று நாள் நம் ஊர்ச் சபைக்கூடமான மராயேயில் படுத்து எழுந்து சாப்பிடுவார்கள். நேற்று எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டாள்: "என் சாவுக்கு வர்றவங்களுக்குக் கடைக் கோழியையா போடப் போறீங்க? நம்ம கடலு செத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் பேசட்டும்னா?" பிறகு என்னைப் பார்த்து, "அவளுக்கு எழுது. நான் கெஞ்சிக் கேட்டேன்னு எழுது" என்றாள். பெரியம்மா யாரிடமாவது கெஞ்சி நீ பார்த்திருக்கிறாயா?

அதனால் ஊர் முடிவு செய்திருக்கிறது. அவள் மூச்சு நின்ற மறுநாள் விடியலில் ஜெபம் சொல்லிக் கம்பத்தை எடுப்பார்கள். நான் ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன். உனக்குச் சம்மதம் இல்லையென்றால் ஒரு வரி எழுது, நான் போய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒருவரும் என்னைத் தாண்ட மாட்டார்கள். எதுவும் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்.

உன் பதிலுக்காகத் தினமும் தபால் வண்டியைப் பார்க்கும்
ராவிரி


பெர்த்
நவம்பர் 12

ராவிரிக்கு,

ஊரிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தேன். அக்டோபரில் நீ எழுதிய கடிதம் பெட்டியில் கிடந்தது. ஆள் போதவில்லை என்று முகாமில் என்னை விடாமல் ஒரு மாதம் வைத்துக்கொண்டார்கள். பெரியம்மா போன செய்தியை நம் ஊர் மிரியாமாவின் மகள் முகாமுக்குச் சொல்லி அனுப்பினாள். அங்கிருந்தே விமானம் ஏறினேன். இந்த வீட்டுக்குள் நான் கால் வைக்கவே இல்லை. உன் கடிதத்தை இன்றைக்குத்தான் படிக்கிறேன்.

அடக்கம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தோமே, நினைவிருக்கிறதா? மிரியாமா ஒரு தட்டை என் முன்னால் தள்ளினாள். "சாப்பிடுடி, எலும்பாப் போயிட்ட. உன்னைப் பார்த்தா பெட்டிக்குள்ள யாரை வச்சோம்னே தெரியலை." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. வெண்ணெயில் வதக்கிய சிப்பி. வடக்கிலிருந்து வந்தவர்கள் மூட்டை கட்டிக் கொண்டுவந்தது என்று நினைத்தேன். துக்கத்துக்கு வருகிறவர்கள் அப்படித்தானே கொண்டுவருவார்கள். ஒன்று வாயில் போட்டேன், இறங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது. "இன்னும் கொஞ்சம் வை" என்று நானே தட்டை நீட்டினேன்.

மறுநாள் உன்னிடம் சொல்லாமல் ஓனேவைக்குப் போனேன். நீர் வற்றும் நேரம் பார்த்து ஆற்றைக் கடந்தேன். மணல்மேடு ஏறி இறங்கியதும் கடற்கரை கிடந்தது, சின்ன வயதில் பார்த்தபடியே. ஒரு கூரை இல்லை, விளக்குக் கம்பம் இல்லை. இயற்கைக் காப்பகத்துக்காரர்கள் ஒரு செங்கல்லைக்கூட விட மாட்டார்கள், பிள்ளை பேரில் ஒரு பெஞ்சு போடக் கேட்டபோதும் விடவில்லை. கடற்குருவிகள் மணலில் குழி பறித்து முட்டை வைத்திருந்தன. அழகாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் பிள்ளையை முழுங்கிவிட்டு இப்படிக் கிடக்க அதற்கு எப்படி மனம் வந்தது?

கம்பத்தைத் தேடினேன். அலை அரித்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்து, திரும்ப நட ஒரு கட்டைகூட இழுத்து வந்தேன். அப்புறம் பாறையைப் பார்த்தேன். அவன் வழுக்கி விழுந்த அந்தப் பாறை. சிப்பி சுரண்டி எடுத்த இடம் புதிதாக வெளுத்திருந்தது. மூட்டைகளை இழுத்த தடம் மணல்மேடு வரைக்கும் போனது.

விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தேன். முந்தின நாள் சாப்பிட்டது எப்படி வரும்?

பந்தியில் நீ எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஏன் சொல்லவில்லை?

மெரெயானா


மோவாரோவா
நவம்பர் 27

அக்கா,

உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பதில் வரவில்லை, அதனால் சம்மதித்துவிட்டாய் என்று நினைத்தேன். உன் முன்னால் யாரும் கம்பத்தைப் பற்றியோ தமாட்டியைப் பற்றியோ பேசக் கூடாது, புண்ணைக் கிளறக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தவன் நான்தான். ஊரும் கட்டுப்பட்டது. ஒருவர் பேசியிருந்தால் போதும், உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ தட்டை நீட்டியபோது நான் எழுந்து வெளியே போனேன், பார்த்திருப்பாய். சமையல்கட்டுக்குப் பின்னால் நின்று அழுதேன். ஹோஹெபா வந்து, "என்னடா?" என்றார். "எங்கக்கா சாப்பிடுறா மாமா" என்றேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ கடலை மன்னித்துவிட்டாய், எங்களிடம் திரும்பி வந்துவிட்டாய் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். அவன் போன பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

திரும்பக் கம்பம் நட முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். எடுத்தது எடுத்ததுதானாம். நீ இழுத்து வந்த கட்டை மணலில் கிடக்கிறது. நான் அதைத் தொடவில்லை. என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன். திட்டவாவது எழுது.

ராவிரி


பெர்த்
டிசம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். முடியவில்லை. பெரியம்மாவைத் திட்டலாமா, முகாமைத் திட்டலாமா, ஊரைத் திட்டலாமா என்று ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன். ஒருவர் மேலும் தப்பு நிற்கவில்லை. யாராவது ஒருவர் வேண்டுமென்று செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

முகாமில் வேலையை விட்டுவிட்டேன். அடுப்பில் வெண்ணெய் உருகும் வாசம் வந்தால் வெளியே ஓட வேண்டியிருக்கிறது. இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். ரொட்டி, தேநீர், அவ்வளவுதான் இறங்குகிறது.

நீ நல்லவன், ராவிரி. அவனைத் தோளில் தூக்கித் திரிந்தவன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை நம்பு. ஆனால் உன் எழுத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பந்தி ஞாபகம் வருகிறது, அன்றைக்கு எனக்கு எடுத்த பசி ஞாபகம் வருகிறது. அது ருசியாக இருந்தது, தம்பி. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். சொன்ன பிறகு உன் முகத்தைப் பார்க்க முடியாது.

இனிமேல் எழுதாதே. எழுதினால் நான் பிரித்துப் படித்துவிடுவேன், அதனால்தான் சொல்கிறேன்.

உன் அக்கா