பிதியா குன்றில் நீங்கள் ஓங்கிய கை

அக்கா,

இன்று காலை திருச்சியில் ஒரு பாத்திரக் கடையில் பெரிய ஸ்டீல் பிளாஸ்க் ஒன்றைக் கையில் எடுத்தேன். அதன் கனம் உள்ளங்கையில் இறங்கியதும் உங்கள் முகம் வந்துவிட்டது. கடைக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

வளைகுடாவில், அல் குசைஸில் உங்கள் ஃபிளாட்டுக்கும் எங்களுடையதற்கும் நடுவே ஒரே சுவர். கல்யாணமாகி வந்த புதிதில், என் கணவர் அடிக்கும்போது அந்தச் சுவரில்தான் என் தலை மோதும். மறுநாள் லிஃப்டில் என் முகத்தைப் பார்ப்பீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்காரருக்கு டியூட்டி. கிழக்குக் கடலோரம் குன்றுகளின் மேல் பழைய ஊர்கள் இருக்கின்றன, பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டீர்கள். என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் என் கணவரும் காரில் ஏறிக்கொண்டார்.

ஃபுஜைராவில் மேட்டின் மேல் கோட்டை. சுற்றிலும் கூரை இழந்த மண் வீடுகள். அந்தக் காலத்தில் கடலிலிருந்து ஆங்கிலேயக் கப்பல் சுட்டதில் கோபுரங்கள் இடிந்தன என்று படித்ததைச் சொன்னீர்கள். ஒரு வீட்டு வாசலில் நின்று, "உள்ள இருந்த பொம்பளைங்க எங்கிட்டு ஓடியிருப்பாளுக?" என்றீர்கள். "வீட்ட விட்டு எங்க போயிடுவாங்க" என்றார் என் கணவர், என்னைப் பார்த்துக்கொண்டே.

மதியத்துக்கு மேல் பிதியா என்ற ஊர். பழைய மசூதிக்குப் பின்னால் குன்றேறிக் காவல் கோபுரத்தருகே நின்றேன். ஒரு பக்கம் பேரீச்சந்தோப்பு, அதைத் தாண்டிக் கடல். காற்று காதை அடைத்தது. கீழேயிருந்து அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

மேலே ஏறி வந்தவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். முதல் அறையில் காது இரைந்தது. அடுத்ததில் கோபுரச் சுவரில் நெற்றி மோதி, கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. நீங்கள் ஓடிவந்து நடுவே புகுந்தீர்கள். குடும்ப விஷயத்தில் தலையிடாதே என்று உங்களையும் பிடித்துத் தள்ளினார். கல்லில் விழுந்து முழங்கை கிழிந்தது. எழுந்தீர்கள். தோளில் தொங்கிய பிளாஸ்க்கை வாரோடு சுழற்றி அவர் வாயில் அடித்தீர்கள். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொருக்கா கைய ஓங்கு. மண்டையப் பொளந்துருவேன்."

நீங்கள் கத்தவில்லை. அதுதான் அவரை அசையவிடாமல் செய்தது என்று நினைக்கிறேன். என் கையைப் பிடித்து இறக்கிக் காரில் ஏற்றினீர்கள். அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். கோர்ஃபக்கான் ஆஸ்பத்திரி வரைக்கும் நீங்கள் காரை எங்கும் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட மலையாளி நர்ஸ் எப்படி ஆயிற்று என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் நீங்கள் குனிந்து, "விழுந்துட்டேன்னு சொல்லிறாத" என்றீர்கள். சொன்னேன். போலீஸ் வந்தது. அவர்களிடம் நீங்களே இந்தியில், நானும் அடித்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர் வந்து சேரும்வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். விசாரணை வந்தால் தன் வேலை போய்விடும் என்று பயந்து, உங்கள்மேல் புகார் இல்லை என்று என் கணவர் எழுதிக் கொடுத்தார். என் பாஸ்போர்ட்டையும் தந்துவிட்டார். டிக்கெட் கிடைக்கும்வரை உங்கள் ஹாலில் படுத்திருந்தேன். வாசல் கதவு தெரிகிற மாதிரி சோபாவில் நீங்கள் படுத்துக்கொள்வீர்கள்.

விவாகரத்து ஆயிற்று, வேலை கிடைத்தது. உங்களுக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். ஒரு ஆண் குரல் உயர்ந்தால் இன்னமும் என் உடம்பு ஒடுங்குகிறது.

போன வாரம் மாடி வீட்டில் ஒரு பெண் அலறினாள். படியேறிப் போனேன். பெல்லை அழுத்தினேன். உள்ளேயிருந்து ஒருவன் யாரென்று அதட்டினான். கதவு திறக்கும்வரை விரலை எடுக்கவில்லை, அக்கா.