வெள்ளை மணியில் ஒரு கருங்கோடு

என் உயிரோடு கலந்த கோமதிக்கு,

நீ போனபின் வீட்டில் நடப்பதை உனக்குத் தெரிவிக்க வேண்டியது என் கடமை. நல்ல செய்தியை முதலில் சொல்வதுதான் முறை. அப்படி ஒன்று இல்லாததால் நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

நம் மகள் இந்து, ஏனாத்தூர்க் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். உன்னைத் தகனம் செய்து திரும்பிய நாளிலிருந்து என்னோடு பேசவில்லை. தட்டில் வைத்ததை வைத்தபடியே விட்டு எழுந்துவிடுகிறாள். உன்னைக் கொடுத்தாயிற்று, இவளையும் கொடுத்துவிடுவேனோ என்ற அச்சத்தில்தான் என் பகல்கள் கழிகின்றன.

அவள் செய்யும் ஒரே வேலை காகித மணி உருட்டுவது. நீ கற்றுத் தந்ததுதானே? பழைய கல்யாணப் பத்திரிகையையும் சேலை அட்டைப்பெட்டியையும் நீண்ட முக்கோணப் பட்டைகளாக வெட்டி, துடைப்ப ஈர்க்கில் சுற்றி, மைதாப் பசை தடவி உருட்டுவாய். ஊறவைத்து உரித்த புளியங்கொட்டையும் மாத்திரை அட்டையின் வெள்ளித் தகடும் இடையிடையே சேரும். என் சித்தப்பா மகள் திருமணத்தில் அப்படியொரு மாலையை அணிந்து வந்து, "எல்லாரும் லாக்கர்ல இருந்து எடுத்துக்கினு வந்தாங்க, நான் குப்பைல இருந்து எடுத்துக்கினு வந்தேன்" என்று நீ சொன்னதும் பந்தியே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும்.

இந்து இம்முறை எடுத்தது கல்யாணப் பத்திரிகை அல்ல. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் அடித்த பத்திரிகை.

காரியப் பத்திரிகையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வாசலில் நின்றே படித்துக் கிழித்துவிட வேண்டும். இந்த வழக்கத்தை என்னைப்போலக் கடைப்பிடித்தவர் நம் தெருவில் எவருமில்லை. "நல்ல கெட்டி பேப்பருங்க, மணி உருட்டுனா கல்லு மாதிரி நிக்கும்" என்று நீ ஒருமுறை கேட்டுப் பார்த்தாய். நான் அதைக் கிழித்துப் போட்டேன். அதன்பின் நீ கேட்டதில்லை. உன் காரியம் முடிந்ததும் மிஞ்சியவற்றையும் அதே முறைப்படி கிழித்து ஏரியில் விட்டேன். அதற்கு முன்பே இந்து சிலவற்றை எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

முதலில் கண்டவள் என் அக்கா. உன் காரியத்துக்கு மாகறலிலிருந்து வந்து, இவளுக்குத் துணையாக இங்கேயே தங்கியிருந்தாள்.

"இன்னா பொண்ணு இது? எழவுப் பத்திரிகைய வெட்டிக்கினு உக்காந்துகினு இருக்கிற? ஊட்லயே வெக்கக் கூடாது, நீ கழுத்துல மாட்டிக்கப் போறியா? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் இன்னா கேப்பான்?"

"முத்தான்னு கேப்பான் அத்தை" என்றாள் இந்து.

அத்தனை நாளுக்குப் பிறகு அவள் குரலை அப்போதுதான் கேட்டேன். அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாடா செலையாட்டம் நிக்கிற? ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவியே, இப்ப பேசு."

"இருக்கட்டும் அக்கா" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டாள். "இந்த எழவு மாலை ஊட்ட விட்டுப் போனப்புறம் ஆள் அனுப்பு, வரேன்." என்னைத் தூக்கி வளர்த்தவள், வாசலில் செருப்பை மாட்டும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்து கோத்துவந்த மாலை பாதியில் நின்றுவிட்டது. பத்திரிகை தீர்ந்துபோனது. இந்து கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். அந்தச் சும்மா இருத்தல் எனக்குப் பொறுக்கவில்லை. நான் தெருவில் இறங்கி, நான் கொடுத்த பத்திரிகையை வீடுவீடாகத் திருப்பிக் கேட்டேன். சேலைகளில் குற்றம் பார்த்துத் திருப்பி அனுப்பும் வேலையில் இருப்பவன் நான். யார் வீட்டு வாசலிலும் எதையும் கேட்டு நின்றவன் அல்லன்.

உனக்கு மணி கோக்கப் பட்டு நூல் துண்டுகள் தருவாரே, தறிக்காரர் முருகேசன், அவர் கைகளைப் பிசைந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். படிச்ச ஒடனே வாசல்லயே கிழிச்சிட்டோம். நீங்கதான் ஒரு தபா என் சம்சாரத்தக் கூப்ட்டு, உள்ள எடுத்துக்கினு போவாதம்மான்னு சொன்னீங்களே."

எல்லா வீட்டிலும் அதே பதில். ஒருவரும் தவறவில்லை, கோமதி. உன் பெயரையும் படத்தையும் தாங்கிய தாளை இந்த ஊரே மரியாதையாகக் கிழித்திருந்தது.

அச்சகத்துக்குப் போனேன். அச்சகத்தார் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு சொன்னார்: "காரியப் பத்திரிகைய ரெண்டாந்தபா எவனும் அடிக்க மாட்டான் சார். அடிச்சா இன்னொரு சாவக் கூப்புட்ற மாதிரி. பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்கு வாங்க, ஒடனே அடிச்சித் தரேன்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். இருக்கும் மணியைப் பிரித்து நகல் எடுக்கலாமா என்றும் கேட்டேன்.

"ஜெராக்ஸ் வேணாம்பா" என்றாள். "அது மணிக்காக எடுக்குறது. இது அம்மாக்காக அடிச்சது."

என்னிடம் பேசிவிட்டாள். ஆனால் அதற்கு நான் மகிழ்ந்தேன் என்று எழுத முடியவில்லை. கோத்தது கழுத்துக்கு எட்டவில்லை. கையை நீட்டி, "இதுல கட்டுப்பா" என்றாள். மணிக்கட்டு ஈர்க்குபோல் இளைத்திருந்தது. மணிகள் வெள்ளை, பத்திரிகையின் கறுப்புக் கரை ஒவ்வொன்றையும் மெல்லிய கோடாகச் சுற்றிவருகிறது. பட்டையின் அகன்ற முனைதானே முதலில் ஈர்க்கில் ஏறும்? உன் படம் அந்த முனையில் வரும்படி வெட்டியிருக்கிறாள். நீ உள்ளே இருக்கிறாய்.

"அம்மா எந்த மணியில்?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. எல்லாம் கலந்துடுச்சி."

அன்று ஒரு வாய் மோர்ச்சோறு சாப்பிட்டாள். மறுநாள் சாப்பிடவில்லை. கல்லூரிக்கு இன்னும் போகவில்லை. அக்காவும் வரவில்லை. பிழைத்துக்கொள்வாளா? சொல், உனக்குத் தெரியாத பெண்ணா?

இக்கடிதத்தை உள்ளூர் இதழுக்கும் அனுப்புகிறேன், நம் ஊரார் பலர் படிக்கக்கூடும். அவர்களில் யாரேனும் உன் பத்திரிகையைக் கிழிக்க மறந்து எங்கேனும் செருகி வைத்திருந்தால், அதை எடுத்துக்கொண்டு எந்த நேரமும் என் வீட்டுக்கு வரலாம். வாசலில் நிற்க வேண்டாம், உள்ளேயே கொண்டுவரலாம்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பெண் பார்க்க வருபவர் கேட்டாலும், என் அக்காவே திரும்பி வந்து கேட்டாலும், அவள் கையிலிருப்பதைக் கழற்றச் சொல்ல மாட்டேன். நூல் நைந்தால் நானே புதிதாகக் கோத்துக் கட்டுவேன். தினமும் அவள் எதிரில் தட்டோடு உட்காருவேன், அவள் உண்டாலும் உண்ணாவிட்டாலும்.

இப்படிக்கு,
உன் கணவன்,
இந்துவுக்கு மிச்சமிருக்கும் அப்பா.