வெறும் பல்லக்கு திரும்பாது

மழை மறவாத மலையும் கரை உடையாத ஏரியும் உடைய வேழக்கரை நாட்டின் பட்டத்தரசி, குடிகளின் தாய், உலகநங்கைத் தேவியார் திருமுன், ஏரிக்கரை நீர்மனையின் காப்பாளர் சாத்தன் கீரனார் வணங்கி விடுக்கும் ஓலை. தேவியார் நீடு வாழ்க. அரண்மனைக் கிணறுகள் கோடையிலும் ஊறுக.

இங்கு யாவரும் நலம் என்று எழுதி முடித்துக்கொள்ளவே காப்பாளருக்கு ஆசை. இப்பருவத்தில் தேவியார் விடுத்த ஓலைகள் ஐந்து; நான்குக்கு மறுமொழி எழுதியே அவர் ஓய்ந்துபோனார். இளவரசர் சேந்தன் இளைத்துவிட்டார், பிறனொருவனோடு ஒரே பாயில் படுக்கிறார், தம் ஆடையைத் தாமே துவைக்கிறார், ஆதலால் உடன்வரும் பல்லக்கில் அவரை ஏற்றியனுப்புக, பல்லக்கு வெறுமையாகத் திரும்பினால் காப்பாளர் பதவியில் இரார் என்பது ஐந்தாம் ஓலையின் ஆணை. கேள்விப்பட்ட மூன்றும் மெய்யே.

ஏரியும் மதகும் வாய்க்காலும் பற்றிய கல்வியை முதலாண்டு மாணாக்கர் நாற்பதின்மர் ஒரே கூரையின்கீழ் உண்டுறங்கிக் கற்கும் இம்மனையில் ஒரு வழக்கம் உண்டு. நாளுக்கு ஒருவர் தொட்டி நீரைப் பங்கிடுவார். பங்கிடுபவர் கடைசியில் எடுப்பார். தம் முறை வந்த நாளில் இளவரசர் முதலில் குளித்தார், அதுவும் ஆசைதீரக் குளித்தார். வரிசையின் கடைசியில் நின்ற கடைமடை ஊரான் அழிசி, வெறுங்குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாடம் கேட்கப் போனான். கண்டிக்க வாய்திறந்த காப்பாளர், அரண்மனைக்கு இன்னோர் ஓலை எழுத நேருமே என்ற அலுப்பில் மூடிக்கொண்டார். அது அவர் பிழை.

மறுநாள் அழிசியின் முறை. இளவரசரின் குடம் விளிம்புவரை நிறைந்தது. அழிசிக்கு மிஞ்சியது தொட்டியின் அடிச்சேறு. அன்று இளவரசர் சோறு தொடவில்லை. தேவியார் கேள்வியுற்ற இளைப்பு அந்த வெட்கத்தில்தான் தொடங்கிற்று. அன்றே ஆடை துவைக்கும் ஏவலனைத் திருப்பியனுப்பிவிட்டு, அழிசியின் பாயில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பல்லக்கு வந்த காலையில் அழிசி ஆறாம் நாள் காய்ச்சலில் கிடந்தான். தாயைக் காணவேண்டும் என்றே பிதற்றினான். வண்டிக் குலுக்கலை அவன் உடல் தாங்காது என்றார் மருத்துவர். இளவரசர் அவனை இரு கைகளாலும் தூக்கிவந்து பட்டுமெத்தையில் கிடத்தினார். தங்கள் தலை போய்விடுமே என்று சுமப்போர் தலைவன் முறையிட, நாளை நீர் பங்கிடும் முறை மீண்டும் தமக்கு வருகிறது, தாம் வருவதற்கில்லை, அன்னையாரிடம் அப்படியே சொல்க என்று கூறிவிட்டார்.

தடுக்க வேண்டியவர் காப்பாளர், தடுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிச் சலித்த அவருக்கு அக்காலையில் கண் கலங்கிவிட்டது.

ஆகவே பல்லக்கு கடைமடை சென்ற பின்னரே தலைநகர் மீளும். வழியிலுள்ள சாவடியார் எவரும் அதனைத் தடுக்கலாகாது, நோயாளிக்கு நிழலும் கஞ்சியும் தருக என்பது காப்பாளர் தம் பதவியால் இடும் இறுதிக் கட்டளை.

இவ்வோலைக்கு இலச்சினை பதித்த தம் பதவி மோதிரத்தைச் சுமப்போர் தலைவனின் மடியில் முடிந்து அனுப்பியிருக்கிறார். அழிசி தாய்வீட்டில் இறங்கியதும் அத்தலைவன் அதை மெத்தைமேல் வைத்து அரண்மனை சேர்ப்பான். பல்லக்கு வெறுமையாகத் திரும்பலாகாது என்பது தேவியாரின் ஆணையல்லவா.