டோக்கனை என் கையில் கொடுக்கச் சொன்னீர்கள்

நேற்று குளியலறையைப் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு, தலைவாரி மல்லிகை வைத்துக்கொண்டேன். இரண்டு வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் எங்கள் தங்கச் சுரங்க ஊரின் ஆண்டர்சன்பேட்டை க்ளினிக்கில் உங்கள் அறை கண்முன் வந்து நின்றது. வியாழக்கிழமை மதியம், துடைத்த தரை, உங்கள் கொண்டையில் ஒரு முழம் மல்லி. பூ வைத்துக்கொண்டு வேலைக்கு வரும் நர்ஸை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நீங்கள் இறந்துபோன செய்தி போன வாரம்தான் என் காதுக்கு வந்தது, சிஸ்டர். உங்களிடம் சொல்லாமலே விட்டுவிட்ட ஒரு சேதி இருக்கிறது.

புருஷன் பெண்டாட்டி ஒட்டாமல் போனால் சொல்லிக்கொடுக்க, இப்போது பெங்களூரில் அதற்கென்றே பயிற்சியாளர்கள் இருக்கிறார்களாம். முதல் நாள் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதியும் வைத்திருக்கிறார்களாம். எங்களுக்கு யார் எழுதி வைத்தார்கள்? உங்கள் கதவில் 'குடும்ப ஆலோசனை' என்று ஓர் அட்டை தொங்கியது, அவ்வளவுதான்.

மகள் பிறந்து இரண்டு வருடம் ஆகியும், என் வீட்டுக்காரர் கை பட்டாலே என் உடம்பு விறைத்துவிடும். வலிக்குமே என்ற பயம். அதைச் சொல்ல வெட்கம். அவரோ, தன் மேல் அடிக்கும் சுரங்கத்து வாடை எனக்குப் பிடிக்கவில்லை என்று தானாக முடிவு கட்டி, பாயைக் கதவோரம் நகர்த்திக்கொண்டார். ஒற்றை அறை வீட்டில் ஆளுக்கொரு மூலை. குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்று பெட்டியில் துணி அடுக்கிவிட்டேன். கடைசியாக ஒரு தரம் பார்ப்போம் என்றுதான் உங்களிடம் வந்தோம்.

அன்று வழி நெடுக எனக்கு ஒரே பயம். துணியை அவிழ்க்கச் சொல்வீர்களோ, அவர் எதிரிலேயே என்னைத் திட்டுவீர்களோ, சாயங்காலத்துக்குள் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடுமோ என்று. என்னைவிட நாலு வயதுதான் பெரியவர் நீங்கள். நாற்காலி இரண்டையும் ஜன்னலைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டீர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசட்டும் என்று.

"இங்க யாரும் துணி அவுக்க வேணாம். பேசினது இந்தக் கதவத் தாண்டாது. வேணாம்னு சொன்னா அங்கியே நிறுத்திடணும், கேக்கறது நானா இருந்தாலும்" என்றீர்கள்.

ஜன்னலைப் பார்த்தபடி நான் வலியைச் சொன்னேன். அவர் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பிவிட்டார். "வலியா? நான் வாடைன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

முதலில் லேடி டாக்டரிடம் அனுப்பினீர்கள். உடம்பில் குறை ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் பாடம். தினமும் பத்து நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மூன்று வாரத்துக்கு அதற்கு மேல் எதுவும் கூடாது.

"இன்னா சிஸ்டர், ஊசி கீசி ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார் அவர். முகம் தொங்கிப்போயிற்று.

சுரங்கத்து ஆளிடம் வீட்டுப்பாடம் கொடுத்தால் அதையும் ஷிஃப்ட் ஆக்கிவிடுவார் என்று உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சுரங்கத்துக்குள் கேஜ் லிஃப்டில் இறங்குமுன் ஆளுக்கொரு டோக்கன் வாங்குவார்கள், மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். அதே மாதிரி அட்டையில் ஒன்று வெட்டி, தன் நம்பரை எழுதி, ஆணியில் மாட்டினார். கையைப் பிடிக்குமுன் எடுப்பார். பத்தாவது நிமிஷம் கையை உருவி மாட்டிவிடுவார். நான் பாதி வார்த்தையில் இருந்தாலும் சரி, ஷிஃப்ட் முடிந்தது! எனக்கு அழுகையே வந்தது.

மறுவாரம் உங்கள் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆறு ஷிஃப்ட் ஆயிடுச்சு சிஸ்டர். ஆப்சென்ட் ஒண்ணு. ஆக்சிடென்ட் இல்ல" என்று ரிப்போர்ட் கொடுத்தார். நீங்கள் சிரித்த சிரிப்பில் கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த டோக்கன் எதுக்குங்க?" என்றீர்கள்.

"உள்ள போனவன் பத்திரமா மேல வந்துட்டானான்னு தெரியறதுக்கு."

"அப்ப அத அவங்க கையில குடுங்க. அவங்களா எடுத்துக் குடுத்தா எறங்குங்க. திருப்பிக் கேட்டா, ஏன்னு கேக்காம மேல வந்துடுங்க."

மூன்று வாரம் முடிந்தது. அதற்கப்புறமும் பதினோரு நாள் நான் டோக்கனைக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவுமில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டு கதை பேசினார், கடிகாரத்தைப் பார்க்காமல். ஒரு ஞாயிறு மதியம், மகள் நாத்தனார் வீட்டில் இருந்தபோது, எடுத்துக் கொடுத்தேன். பாதியில் பழைய பயம் வந்தது. "குடுங்க" என்றேன். உடனே என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "மேல வந்துட்டேம்மா" என்று சிரித்தார். என் பயம் போனது அந்த நிமிஷத்தில்தான். கேட்டால் நிறுத்திவிடுகிற மனிதரிடம் என்ன பயம்? கொஞ்ச நேரம் கழித்து நானே மறுபடி கொடுத்தேன். மீதி உங்களுக்கு எதற்கு?

அடுத்த வியாழன் நாங்கள் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வந்தோம், சிஸ்டர். எங்கள் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று வெட்கம் பிடுங்கித் தின்ன, வாசலோடு திரும்பி, சிரித்துக்கொண்டே ராபர்ட்சன்பேட்டைக்கு ஓடி மேட்னி பார்த்தோம். சொல்லத் துணிவு வந்தபோது நீங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டீர்கள். நான் குடியாத்தம் போய்விட்டேன் என்றே கடைசிவரை நினைத்திருப்பீர்களோ என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் போகவில்லை. பெட்டியை அன்றைக்கே காலி செய்துவிட்டேன்.

சுரங்கம் மூடியது. அவர் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த காலமும் முடிந்தது. நீங்கள் கொடுத்ததில் என்னிடம் மிச்சமிருப்பது, வேணும் வேணாம் என்று சொல்கிற இந்த வாய்தான். நேற்று அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, "இன்னிக்கு வேணாம். முதுகு மட்டும் தேச்சு வுடுங்க, நல்லா அழுத்தி" என்றேன். தேய்த்துவிட்டார். சுகமாக இருந்தது, சிஸ்டர்.