கடலில்லாத ஊருக்குப் படகு உரிமம்

ரோக்காவெர்தா
ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் கோசிமோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை, மற்றபடி நானும் உன் தங்கை அசுந்தாவும் அவள் பெண்கள் இருவரும் சுகமாகவே இருக்கிறோம், அங்கே நீயும் ஆறாம் மாதத்து வயிற்றோடு இருக்கும் மருமகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க சான் ரோக்கோவை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். போன ஞாயிறு அசுந்தாவின் சின்னவளுக்கு முதல் நற்கருணை நடந்தது, நீ அனுப்பிய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போய் சாமியார் பிரசங்கத்தை எத்தனை நிமிஷம் இழுத்தார் என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள், முன் வரிசை முழுக்கச் சிரித்தது, எனக்குத்தான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அத்தி மரம் இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது. மருமகளுக்குக் கால் வீங்கினால் சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல், மாடிப்படி ஏறி இறங்கித் துணி காயப்போடும் வேலையை நீ செய். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் அந்தப் பேச்சை எடுத்த இரண்டு தடவையும் "வேலைல இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கி, உட்கார்ந்து, கடைசி வரைக்கும் படி.

மே பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை நகராட்சிப் பலகையில் போலீஸ் தலைவர் பதவிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பை ஒட்டினார்கள், ஐந்து வருஷமாகக் காலியாகக் கிடந்த நாற்காலி, அதனால் சந்தைக்குப் போன எல்லாரும் நின்று படித்தோம். சட்டப் பட்டம் வேண்டுமாம், சரி. அதிகாரி நிலையில் சில வருஷம் இருந்திருக்க வேண்டுமாம், அதுவும் சரி. நாட்டின் எல்லை மாவட்டத்தில் வேலை பார்த்திருந்தால் மூன்று மதிப்பெண்ணாம், ஏனென்று யாருக்கும் புரியவில்லை. அதற்குக் கீழே, படகு ஓட்டும் உரிமம் இருந்தால் ஐந்து மதிப்பெண். இந்த மலையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். மிம்மோவின் காபிக் கடையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. மிம்மோ, "சந்தை நடுவுல இருக்கிற நீரூத்துல ரோந்து போகணும்ல, அதுக்குத்தான்" என்றான், பக்கத்தில் இருந்த முடிதிருத்துபவர், "வெள்ளிக்கிழமை மீன்காரன் வண்டிய மடக்கிப் பிடிக்க தண்ணி வழியா வருவாங்க போல" என்றார், நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. மே நாலாம் தேதி சனிக்கிழமை நீ கூப்பிட்டு, "சாப்பாட்டு அறை டிராயர்ல என் படகு லைசென்ஸ் கிடக்கும் பாரும்மா, திங்கக்கிழமையே பதிவுத் தபால்ல போட்டுடு" என்று சொன்னாய். நான்கு வருஷத்துக்கு முன் விடுமுறைக்கு வந்தபோது புதுப்பித்து இங்கேயே மறந்து போனதுதான். எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்டதற்கு, மருமகளை ஏரியில் படகில் கூட்டிப் போகப் போகிறேன் என்றாய். வயிற்றுப்பிள்ளைக்காரியை மெதுவாகக் கூட்டிப் போ என்று புத்தி வேறு சொன்னேன், திங்கட்கிழமை இந்தக் காலை இழுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடந்தேன். அறிவிப்பு ஒட்டுவதற்கு எட்டு நாள் முன்னால், கோசிமோ. ஊரில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாத ஐந்து மதிப்பெண் பதினோரு வருஷமாக வடக்கே எல்லை மாவட்டப் போலீஸில் இருக்கும் உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன், அறிவிப்பே உனக்காக எழுதியது என்று புரிந்தது. உரித்த மொச்சையை அப்படியே மூடி வைத்தேன். பெற்ற தாயிடம் பொய் சொல்லி, அவள் கையாலேயே அந்த அழுக்கு வேலையையும் செய்ய வைத்திருக்கிறாய்.

அளவெடுத்துத் தைத்த அறிவிப்பு எனக்கென்ன புதிதா, முப்பத்தொரு வருஷம் அந்த நகராட்சியில் தட்டச்சு மேசையில் உட்கார்ந்தவள் நான். இந்த ஊர் போலீஸ் தலைவர்கள் எப்படி மேலே வந்தார்கள் என்பதை அவர்கள் மனைவிமாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் அன்றைய மேயரின் தாயாரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் காரில் கூட்டிப் போய்க் கூட்டி வந்தவர், அந்தப் புண்ணியத்தில் சாதாரணக் காவலராக இருந்தவர் ஆறே வருஷத்தில் தலைவர் ஆனார், அவருக்கான அறிவிப்பில் நகராட்சி வாகனங்களை ஓட்டிய நீண்ட அனுபவம் என்று ஒரு வரி இருந்தது, அதை அடித்தவை இந்த விரல்கள்தான். அடுத்தவர் ராணுவத்திலிருந்து இறங்கினார், திருவிழாவில் சிலைக்கு முன்னால் வாளோடு நடப்பதற்கென்றே பிறந்த மனிதர், கீழத்தெருவில் மூன்று வீடு பற்றி எரிந்த மத்தியானம் அவர் தையற்காரரிடம் தோள்பட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். தன்னிடம் வேலை பார்ப்பவர்களை நடுத்தெருவில் நிற்க வைத்துக் கத்துவார், மேயர் கூப்பிட்டால் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார். இவர்களையெல்லாம் பார்த்துச் சீ என்று மனசுக்குள் சொன்னேனே தவிர வாய் திறக்கவில்லை. உன் அப்பா போன பிறகு இரண்டு பிள்ளைகளை வளர்க்க எனக்கு அந்த மேசை வேண்டியிருந்தது. அதனால் நான் பெரிய உத்தமி என்ற நினைப்பில் இதை எழுதவில்லை, அந்த முப்பத்தொரு வருஷத்தை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்புதான்.

தோனாத்தாவை நீ மறந்திருக்க மாட்டாய், ரொட்டிக்காரர் மகள், பள்ளிக்கூடத்தில் உனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். பதினேழு வருஷமாக இந்த ஊர்ப் போலீஸில் இருக்கிறாள், மாலை நேரத்தில் படித்தே சட்டப் பட்டம் வாங்கினாள், கடைசியாக இருந்த தலைவர் ஓய்வு பெற்றதிலிருந்து இந்த ஐந்து வருஷமும் பொறுப்புத் தலைவர் என்ற பெயரில் அவள்தான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பது பேர் பார்க்க வேண்டிய வேலையை ஐந்து பேரை வைத்துப் பார்க்கிறாள், யாராவது லீவு போட்டால் பள்ளிக்கூட வாசலில் அவளே மழையில் விசிலோடு நிற்பாள். தப்புச் செய்தவனை உள்ளே கூப்பிட்டுக் காய்ச்சி எடுப்பாள், வெளியே வந்து அவனுக்காக மேயரிடம் அவளே திட்டு வாங்குவாள். இரண்டு வருஷத்துக்கு முன் பெருமழை பெய்து ஓடை பொங்கியபோது ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பழைய பாலத்துக்குக் கீழே இறங்கியவள் அவள்தான், நடுத்தூணில் கை நுழையும் அளவுக்கு விரிசல். மறுநாளே லாரிகள் அந்தப் பாலத்தில் போகக் கூடாது என்று உத்தரவில் கையெழுத்துப் போட்டாள். அந்த லாரிகள் மேயரின் மாமனார் வைத்திருக்கும் கல் குவாரிக்கு ஓடுபவை, இப்போது இருபது கிலோமீட்டர் சுற்றிப் போகின்றன. அன்றிலிருந்து மேயருக்கு அவள் கண்ணில் விழுந்த தூசி. பாலத்தைப் பழுது பார்க்க ஒரு கரண்டி சிமென்ட் இதுவரை வரவில்லை, தலைவரை மாற்றத்தான் அறிவிப்பு வந்திருக்கிறது.

இதெல்லாம் என் ஊகம் என்று நீ தப்பித்துக்கொள்ள முடியாது, போன வியாழக்கிழமை மேயர் சவேரியோவே பலகாரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, "எர்சிலியாம்மா, பதினோரு வருஷமா நீங்க சாமிகிட்ட கேட்டத நான் குடுக்கப் போறேன், உங்க பேரப்பிள்ள இந்த வீட்டுலதான் பொறக்கும்" என்றான். நான், "பாலம் இடியக் கூடாதுன்னும் சாமிகிட்ட கேட்டிருக்கேன், அத யாரு குடுப்பா" என்றேன். அவன் சிரித்தான். "அந்தப் பாலம் நம்ம எல்லாரையும் பொதச்சிட்டுத்தான் விழும். தோனாத்தா நல்ல பொண்ணுதான், ஆனா பிடிவாதம், தலைவர்னா கொஞ்சம் வளைஞ்சு குடுக்கத் தெரியணும். கோசிமோகிட்ட எல்லாம் பேசியாச்சு, மனுவும் வந்து சேர்ந்துடுச்சு, பரீட்சையெல்லாம் சும்மா சடங்கு. வந்த மொத வாரத்துலயே அந்த உத்தரவ எடுத்துருவான்" என்றான். பேசியாச்சு என்றால் நீயும் சரி என்று சொல்லியிருக்கிறாய். அவனைக் கையைப் பிடித்து எழுப்பாத குறையாக அனுப்பி வைத்தேன். பலகாரத்தைப் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டேன், அது தின்றது, அதற்கு மானம் ஏது.

உன்னிடம் மறைப்பானேன், அவன் போன பிறகு ஒரு மணி நேரம் எனக்கும் ஆசை வந்தது. கீழ்வீட்டுச் சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம், தொட்டிலை எந்த ஜன்னல் பக்கம் போட்டால் காற்று வரும் என்றெல்லாம் நினைத்தேன், நீ வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம்கூடக் காதில் கேட்டது. பதினோரு வருஷத்தில் உன்னை மொத்தம் எத்தனை நாள் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வண்டி வந்து நின்று அசுந்தாவின் பெண்கள் இறங்கினார்கள், தினமும் அந்தப் பாலத்தின் மேல்தான் வருகிறார்கள், போகிறார்கள். அத்தோடு ஆசை போய்விட்டது, அந்த ஒரு மணி நேரத்து வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பதிவுத் தபால் ரசீதை எடுத்துக்கொண்டு தோனாத்தாவைப் பார்க்கப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ரசீதைத் தொடக்கூட இல்லை, மேசையில் அப்படியே என் பக்கம் தள்ளினாள். "எர்சிலியாம்மா, அவன் உங்க பிள்ள. வீட்டுக்குப் போயி நல்லா யோசிங்க. நாளைக்கு அவன் உங்ககூடப் பேசாமப் போயிட்டா அந்தப் பாவத்த என்னால சுமக்க முடியாது" என்றாள். பதினேழு வருஷ உழைப்பு கையை விட்டுப் போகிற நேரத்தில் அவளுக்கு என்னை நினைத்துக் கவலை. அதற்கு மேல் யோசிக்க எனக்கு என்ன இருக்கிறது. நேற்று சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து மாவட்டத் தலைநகருக்குப் போய், அறிவிப்பை எதிர்த்து அவளுக்காக வழக்குப் போடும் வக்கீலைப் பார்த்தேன். அவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல தேதியும் விலாசமும்தான் இருக்கும்மா, உள்ளே என்ன வச்சு அனுப்பினீங்கன்னு நீங்கதான் சொல்லணும். கோர்ட்டுல பிள்ளைக்கு எதிரா நின்னு சொல்வீங்களா" என்று கேட்டார். சொல்வேன் என்றேன். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உனக்கு அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தென்னாட்டான் என்று மூன்று தடவை உன்னைத் தாண்டி இளையவர்களை மேலே ஏற்றினார்கள், மூன்றாம் தடவை நீ போனில் அழுதாய், நானும் இங்கே அழுதேன். வேலை தெரிந்தவனை ஓரமாக நிறுத்திவிட்டு வேண்டியவனை உட்கார வைத்தால் வாய் எப்படிக் கசக்கும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவன் அதையே கொண்டுவந்து தோனாத்தாவுக்கு ஊட்டப் பார்க்கிறாய். உன்னிடம் எனக்கு அருவருப்பாக இருப்பது அந்த இடம்தான், மேயரிடம்கூட இவ்வளவு இல்லை, அவன் பிறவி அப்படி. நீ என் வயிற்றில் பிறந்தவன்.

மனுக் கொடுக்கக் கடைசி நாள் பதிமூன்றாம் தேதி, சாந்த் அந்தோனியோ திருநாள், பகல் பன்னிரண்டு மணி. அதற்குள் நீ உன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் என் தாளைக் கிழித்துவிடச் சொல்லி வக்கீலிடம் பேசியிருக்கிறேன், வழக்கு அறிவிப்பின் மேல் மட்டும் நடக்கும், உன் பெயர் எங்கேயும் வராது. இல்லையென்றால் பன்னிரண்டரைக்கு அது நீதிமன்றத்துக்குப் போகும், பெற்ற தாயே பிள்ளையைக் காட்டிக் கொடுத்தாள் என்று ஊர் என்னைப் பேசும், உன் வேலைக்கும் அங்கே ஆபத்து வரலாம் என்று வக்கீல் சொன்னார், அதையும் கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். மேயர் உனக்கு வேறு கதை சொல்வான், கேட்காதே.

மருமகளுக்கும் வயிற்றில் இருக்கும் பிஞ்சுக்கும் என் ஆசீர்வாதம், ஆணோ பெண்ணோ நல்ல தூக்கமும் நல்ல பசியுமாக வந்து சேரட்டும். பிள்ளை எங்கே பிறந்தாலும் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ரயிலேறி வருவேன், நீ வர வேண்டாம் என்று சொன்னாலும் வருவேன். இரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடு, இந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்கு மறக்காமல் போடு. சான் ரோக்கோ உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். பதிமூன்றாம் தேதி, பகல் பன்னிரண்டு.

இப்படிக்கு
உன் அம்மா
எர்சிலியா லோப்ராயோ

வக்கீலின் தாளிலும் என் பெயரை இதே போலத்தான் எழுதியிருக்கிறேன், உன் அம்மா என்பதையும் சேர்த்து.